தபால் வண்டி நாயும் எங்கள் ஆபீஸ் மெதோரும்

கடற்கரையில் காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவர் தபால்தலை சேர்ப்பவர். சென்ற மாதம் ஒருநாள் காந்தி சிலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது, சட்டைப்பையிலிருந்து கண்ணாடித்தாள் உறை ஒன்றை எடுத்துக் காட்டினார். 2011-ல் அமெரிக்கா வெளியிட்ட தபால்தலை. அதில் ஒரு நாய். உயர்ந்த ஜாதி நாய் ஒன்றும் இல்லை. சொரசொரவென்று முடி, தெருவில் எங்கேயும் பார்க்கக்கூடிய முகம். கழுத்திலும் மார்பிலும் சின்னச் சின்னத் தகடுகள். "இதுவும் உங்களைப் போல கவர்ன்மெண்ட் ஸ்டாஃப்தான் சார்" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்தபின் அந்த நாயின் கதையைத் தேடித் தேடிப் படித்தேன். படித்து முடித்ததும் நாற்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு விஷயம் நினைவுக்கு வந்து தூக்கம் கெட்டது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்த நாயின் பெயர் ஓனி. நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள தபால் ஆபீசுக்குள் 1888 வாக்கில் இது வந்து சேர்ந்தது. தபால் மூட்டைகளின் மேல் படுத்துத் தூங்கியது. குமாஸ்தாக்கள் விரட்டவில்லை. மனிதர்களைவிட அந்தச் சாக்குப் பைகளின் மேல்தான் அதற்குப் பாசம் அதிகம் என்கிறார்கள். பை வண்டியில் ஏறினால் இதுவும் ஏறும். வண்டி ஸ்டேஷனுக்குப் போனால் இதுவும் போகும். ஒருமுறை வண்டியிலிருந்து பை ஒன்று வழியில் விழுந்துவிட்டது. கூடப் போன நாயையும் காணோம். தேடிக்கொண்டு திரும்பிப் போய்ப் பார்த்தால், விழுந்த பையின் மேல் படுத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். பிறகு அது ரயிலிலேயே ஏறிவிட்டது.

அது ஏறியது சாதாரணப் பெட்டியில் அல்ல. நம் பக்கத்து மூத்தவர்களுக்கு ஆர்.எம்.எஸ். என்றால் சட்டென்று புரியும். விழுப்புரம் ஜங்ஷனில் சிவப்புப் பெட்டியில் கடைசி நேரத்தில் கடிதம் போட ஓடியவர்கள்தானே நாமெல்லாம். ஓடுகிற ரயிலிலேயே நின்றுகொண்டு கடிதங்களைப் பிரிப்பதுதான் அந்த வேலை. அமெரிக்காவில் இது முறையாகத் தொடங்கியது 1864-ல், சிகாகோவிலிருந்து கிளிண்டன் என்ற ஊருக்குப் போன வண்டியில். ஓனியின் காலத்தில் அது பெரிய இலாகாவாக வளர்ந்திருந்தது.

அந்தக் குமாஸ்தாக்களின் பாடு நமக்கு எளிதில் புரியும், ஆனால் நம்முடையதைவிடப் பல மடங்கு கடுமை. ஆயிரக்கணக்கான தபால் ஆபீஸ்களின் பெயர்களையும், எந்த ஊர்க் கடிதம் எந்த ரயிலில் எந்த ஜங்ஷனில் மாற வேண்டும் என்பதையும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த பிறகும் அடிக்கடி பரீட்சை. வீட்டில் சீட்டுக்கட்டு போல அட்டைகளை வைத்துக்கொண்டு பயிற்சி செய்வார்களாம். சின்ன ஸ்டேஷன்களில் ரயில் நிற்காது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கம்பத்தில் தொங்கும் பையை, பெட்டியின் கதவில் உள்ள இரும்புக் கையால் ஓட்டத்திலேயே கவ்வி இழுக்க வேண்டும். அதே கணத்தில் அந்த ஊருக்கான பையை வெளியே தள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தபால் பெட்டியை என்ஜினுக்கு அடுத்தாற்போல் பூட்டுவார்கள். பெட்டி மரத்தால் ஆனது. உள்ளே எண்ணெய் விளக்கு, குளிருக்குக் கரி அடுப்பு. விபத்து என்றால் முதலில் நொறுங்குவதும் எரிவதும் அதுதான். 1890-களின் பத்து வருடத்தில் மட்டும் எண்பதுக்கும் மேற்பட்ட தபால் குமாஸ்தாக்கள் ரயில் விபத்துகளில் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு நாளும் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது அந்த மனிதர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

அப்படிப்பட்ட பெட்டிக்குள்தான் இந்த நாய் ஏறிப் படுத்துக்கொண்டது. ஓனி ஏறிய வண்டி எதுவும் விபத்துக்குள்ளாகவில்லை என்ற நம்பிக்கை அவர்களிடம் பரவியது. ராசியான நாய் என்று ஒவ்வொரு ஊர் ஆட்களும் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொள்ள விரும்பினார்கள். ராசியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் உயிர் பயத்தோடு ராத்திரி முழுவதும் நின்று வேலை செய்கிறவனுக்கு, காலடியில் ஓர் உயிர் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்தால் நெஞ்சு கொஞ்சம் இறங்கும். அதை நம்புவேன்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். ஓனி ஊர் ஊராகப் போகத் தொடங்கியதும் ஆல்பனி ஆட்கள் என்ன செய்தார்கள்? ஒரு கழுத்துப்பட்டை வாங்கி, 'ஓனி, தபால் ஆபீஸ், ஆல்பனி, நியூயார்க்' என்று எழுதிக் கட்டிவிட்டார்கள். எங்கே போய்ச் சேர்ந்தாலும் இது ஆளில்லாத நாய் அல்ல, இதற்கு ஒரு விலாசம் இருக்கிறது என்று உலகத்துக்குச் சொல்லிவிட்டார்கள். போன ஊர்களில் எல்லாம் அந்தந்த ஊர் ஆட்கள் ஆளுக்கொரு தகடு மாட்டி அனுப்பினார்கள். தகடுகள் சேர்ந்து சேர்ந்து கழுத்து தாங்காமல் போயிற்று. அப்போது அந்த இலாகாவின் உச்சியில் இருந்தவர் ஜான் வானமேக்கர். போஸ்ட்மாஸ்டர் ஜெனரல், ஜனாதிபதியின் மந்திரிசபையிலேயே இடம் உள்ளவர். பெரிய வியாபாரியும்கூட. அவர் அந்த நாய்க்கு ஒரு மேலங்கி தைக்கச் சொன்னார், தகடுகளின் பாரம் உடம்பெங்கும் பரவட்டும் என்று. ஒரு மந்திரி ஒரு தெருநாயின் கழுத்து வலியை நினைத்துப் பார்த்திருக்கிறார்!

ஒருமுறை கனடாவில் மான்ட்ரியல் வரை போய்விட்டது. அங்குள்ள தபால் அதிகாரி நாயைப் பிடித்துக் கொட்டடியில் அடைத்து, தீனிச் செலவு இரண்டரை டாலரைக் கட்டினால்தான் விடுவேன் என்று ஆல்பனிக்கு எழுதினார். குமாஸ்தாக்கள் தங்களுக்குள் வசூல் செய்து பணத்தை அனுப்பி நாயை மீட்டுக்கொண்டார்கள். 1895 ஆகஸ்டில் டகோமா துறைமுகத்தில் கப்பல் ஏறி, தபால் பைகளோடு ஜப்பான், சீனா, சூயஸ் வழியாக உலகத்தையே சுற்றிவிட்டு, 132 நாளில் திரும்பி வந்தது.

எல்லோருக்கும் பிடித்துவிட்டதா என்றால், இல்லை. 1897 வாக்கில் ஓனிக்கு வயதாகிவிட்டது. ஒரு கண் பார்வை போய்விட்டது. பாலும் மெதுவான ஆகாரமும்தான் சாப்பிட முடிந்தது. அப்போது சிகாகோவில் ரயில்வே தபாலுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி ஓர் உத்தரவு போட்டார். இது புத்திசாலி நாய்கூட இல்லை, வெறும் கலப்பினத் தெருநாய், இதைக் கொஞ்சிக் கொஞ்சி அளவு மீறிப் போய்விட்டது, இது வண்டியில் வருவதால் குமாஸ்தாக்களின் கவனம் சிதறுகிறது, ஸ்டேஷன் சிப்பந்திகளின் நேரம் வீணாகிறது, இதை வெளியே தள்ள வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது அதன் சாரம்.

அந்த வாசகத்தைப் படித்தபோதுதான் எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. ஏனென்றால் அதே மாதிரி ஓர் உத்தரவுக்கு நான் நோட் எழுதியிருக்கிறேன்.

1973-ல் புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் எல்.டி.சி.யாகச் சேர்ந்தேன். நான் படித்தது முழுக்க பிரெஞ்சில். வேலைக்கு வந்தபோதோ ஃபைல்கள் எல்லாம் ஆங்கிலம். நோட் போடுவது, டிராஃப்ட் போடுவது எதுவும் தெரியாது. நான் எழுதும் ஆங்கிலத்தில் பிரெஞ்சு வாடை அடிக்கிறது என்று மேலதிகாரி எல்லோர் முன்பும் சொல்லுவார். பல நாள் மதியச் சாப்பாடு தொண்டையில் இறங்காது.

அந்த அலுவலகத் தாழ்வாரத்தில் ஒரு செம்பழுப்பு நாய் இருந்தது. எதிர்வீட்டில் இருந்த பெரியவர் ஒருவர், பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா, அதற்கு மெதோர் என்று பெயர் வைத்தார். பிரான்சில் நாய்க்கு அது சாதாரணப் பெயர், நம் ஊரில் மணி என்பது போல. எங்கள் பியூன் வாயில் அது மேதுரு ஆகிவிட்டது. இரண்டுக்கும் வாலாட்டும். காலையில் கேட் திறக்கும்போது நிற்கும். பத்து மணிக்கு மேல் உள்ளே வந்து டைப்பிஸ்ட் அம்மாவின் மேஜைக்கு அடியில் படுக்கும். அந்த அம்மா கணவர் இறந்ததால் கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவர். முப்பது வயதுகூட இருக்காது. யாரோடும் அதிகம் பேசமாட்டார். டிபன் பாக்ஸைத் திறந்து முதல் உருண்டை தயிர் சாதத்தை மெதோருக்கு வைத்துவிட்டு, தணிந்த குரலில் அதனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். நானும் திட்டு வாங்கிய நாட்களில் தாழ்வாரத்தில் போய் உட்காருவேன். மெதோர் வந்து முழங்காலில் தலையை வைக்கும். பிரெஞ்சில் நாலு வார்த்தை பேசுவேன். அது என் இலக்கணத்தைத் திருத்தாது.

1976 மார்ச். வருடக் கடைசி வேலை, கூடவே மேலிடத்து இன்ஸ்பெக்ஷன். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, நாயைப் பிடித்துப்போக நகராட்சிக்கு எழுத வேண்டும், நோட் போட்டு டிராஃப்டையும் கொண்டா என்றார். எனக்குக் கை நடுங்கியது. ஆனால் நாயை நினைத்து அல்ல, ஆங்கிலத்தை நினைத்து. பழைய ஃபைல்களைப் புரட்டி நல்ல நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கினேன். நியூசன்ஸ் என்று எழுதினேன். ஊழியர்களின் கவனம் சிதறுகிறது, அலுவலக ஒழுங்குக்குக் கேடு என்றும் எழுதினேன். கவனம் சிதறுகிறதா என்று என்னையே நான் கேட்டுப் பார்க்கவில்லை. அவர் படித்துப் பார்த்து ஒரு எழுத்துக்கூடத் திருத்தாமல் கையெழுத்துப் போட்டார். "இப்பத்தாம்பா நோட் எழுதக் கத்துக்கிட்டே" என்றார். என் சர்வீசில் வாங்கிய முதல் பாராட்டு அது.

டிராஃப்ட் டைப் அடிக்கப் போனது. யாரிடம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மா ஒரு பிழை இல்லாமல் அடித்து, கார்பன் நகல்களைப் பிரித்து, என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. மெதோர் அப்போதும் அவர் காலடியில்தான் படுத்திருந்தது.

மூன்று நாள் கழித்து நகராட்சி வண்டி வந்தது. அந்தக் காலத்தில் பிடித்துப்போன தெருநாய் திரும்பி வராது. கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்ற விதி எல்லாம் 2001-ல்தான் வந்தது. சுருக்குக் கம்பியோடு ஆட்கள் இறங்கியதும் எதிர்வீட்டுப் பெரியவர் ஓடி வந்தார். "தம்பி, கழுத்துல வில்லை இருந்தா விட்டுடுவாங்க. வில்லை இருக்கா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். வளர்ப்பு நாய்க்கு நகராட்சியில் சொற்பக் கட்டணம் கட்டினால் லைசென்ஸ் வில்லை ஒன்று தருவார்கள். கழுத்தில் அது இருந்தால் வண்டிக்காரர்கள் தொடமாட்டார்கள். நாங்கள் இருபது பேர். மூன்று வருடமாக அந்த நாயோடு பழகியவர்கள். ஒருவருக்கும் அந்த வில்லையை வாங்கத் தோன்றவில்லை. "இல்லீங்க ஐயா" என்றேன்.

இன்ஸ்பெக்ஷன் நல்லபடியாக முடிந்தது. வேலை ஒன்றும் கூடுதலாக நடந்துவிடவில்லை. டைப்பிஸ்ட் அம்மா அதற்குப் பிறகு மதியத்தில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு தனியாக ரெக்கார்டு ரூமுக்குப் போய்விடுவார். நான் அந்த அலுவலகத்தில் இன்னும் நாலு வருடம் இருந்தேன். அலுவல் விஷயம் தவிர அவர் என்னிடம் பேசியதில்லை.

ஓனிக்கும் நல்ல முடிவு வாய்க்கவில்லை. ஓய்வு கொடுத்து ஆல்பனியில் வைத்தும், அது பழக்க தோஷத்தில் மறுபடி ரயில் ஏறிவிட்டது. 1897 ஜூனில் ஒஹாயோ மாநிலத்தில் டோலிடோ என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு குமாஸ்தா பத்திரிகைக்காரரிடம் காட்டுவதற்காக அதைக் கட்டிப்போட்டார். கட்டி வைத்துப் பழக்கமில்லாத, கண் தெரியாத கிழட்டு நாய். அவரைக் கடித்துவிட்டது. ஜூன் 11-ஆம் தேதி அதைச் சுட்டுவிட்டார்கள். நாடெங்கும் இருந்த தபால் குமாஸ்தாக்கள் அதைப் புதைக்க மனம் வராமல், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுப் பாடம் செய்து வைத்தார்கள். இன்றும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் தேசிய அஞ்சல் அருங்காட்சியகத்தில், தகடுகள் அணிந்த மேலங்கியோடு நிற்கிறது. வந்த தகடுகளில் முன்னூற்றுக்கும் மேல் அங்கே பாதுகாப்பாக இருக்கின்றன. பென்ஷன்காரர்களாகிய நமக்கு இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். அமெரிக்க மத்திய அரசின் சிவில் ஊழியர்களுக்கு ஓய்வூதியச் சட்டம் வந்தது 1920-ல்தான். வயதான நாய்க்கு ஓய்வு கொடுக்க யோசித்தவர்களுக்கே அன்று பென்ஷன் இல்லை.

ஆபீசில் நாய் இருந்தால் கவனம் சிதறுமா, மனம் லேசாகுமா என்று பிற்காலத்தில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராண்டால்ஃப் பார்க்கர் குழுவினரின் ஆய்வு 2012-ல் வெளிவந்தது. வட கரோலினாவில் பீங்கான், கண்ணாடிப் பாத்திரங்கள் விற்கும் ஒரு பெரிய நிறுவனம், ஊழியர்கள் தங்கள் நாயை வேலைக்கு அழைத்துவர அனுமதிக்கிறது. ஒரு நாளைக்கு இருபது முப்பது நாய்கள் வரும். அங்கே ஒரு வேலை வாரம் முழுக்க கவனித்தார்கள். நாயைக் கொண்டு வந்தவர்கள், வீட்டில் விட்டு வந்தவர்கள், நாயே இல்லாதவர்கள் என்று மூன்று பிரிவு. மன அழுத்தம் எவ்வளவு என்று ஒரு நாளில் பலமுறை அவர்களிடமே கேட்டுக் குறித்தார்கள். நாய் பக்கத்தில் இல்லாதவர்களுக்குப் பொழுது ஏற ஏற அழுத்தமும் ஏறியது. நாய் கூட இருந்தவர்களுக்கு அப்படி ஏறவில்லை. அதே ஆள் நாயை வீட்டில் விட்டு வந்த நாளில் அவருக்கும் ஏறியது. ஒரே நிறுவனத்தில், சில பத்துப் பேரிடம் செய்த சிறிய ஆய்வுதான். இதை வைத்து எல்லாவற்றையும் தீர்மானித்துவிட முடியாது. ஆனால் டைப்பிஸ்ட் அம்மாவின் மதியச் சாப்பாட்டைப் பார்த்த எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

மேலதிகாரியின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. எங்கள் அலுவலகத்திலேயே நாய் என்றால் நடுங்குகிற ஒருவர் இருந்தார், சுவரோரமாகவே நடப்பார். வெறிநாய்க்கடி சாதாரண விஷயமும் அல்ல. தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர்கள் நம் தலைமுறையில் எத்தனை பேர். ஓனியே கடித்ததே. அதனால் நாயை உள்ளே விடலாமா, வாசலோடு நிறுத்தலாமா என்பது கேட்க வேண்டிய கேள்விதான். என் வருத்தம், அந்தக் கேள்வியை நான் ஃபைலில் எழுதவே இல்லை என்பதுதான். ஊசி போட்டு, லைசென்ஸ் எடுத்து, கேட்டில் காவலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பாரா சேர்த்திருக்கலாம். வெட்டிப்போட்டால் போட்டிருப்பார், போகட்டும். மாற்று வழியையும் எடுத்துச் சொல்வதுதான் குமாஸ்தா வேலை என்று பின்னால் சேர்ந்த பையன்களுக்கு நானே எத்தனையோ தடவை பாடம் எடுத்திருக்கிறேன். எங்கே கற்றேன் என்று மட்டும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

ஆல்பனி ஆட்களும் நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள்தான். சம்பளம் கொஞ்சம், மேலே அதிகாரி, தலைக்கு மேல் வேலை. அவர்கள் செய்தது ஒரு கழுத்துப்பட்டை, ஒரு விலாசம், தேவைப்பட்டபோது ஆளுக்குச் சில காசு. அது ஒன்றும் எங்களால் முடியாத காரியம் அல்ல.

கடற்கரை நண்பர் அந்தத் தபால்தலையை எனக்கே கொடுத்துவிட்டார். என் பழைய சர்வீஸ் காகிதங்கள் உள்ள ஃபைலில் வைத்திருக்கிறேன். இதைப் படிக்கும் உங்கள் ஆபீசிலும் மேஜைக்கு அடியில் ஒரு மெதோரோ மணியோ இருந்திருக்கும். அதன் பெயர் நினைவிருந்தால் எழுதுங்கள். அதன் கழுத்தில் யாராவது ஒரு வில்லை கட்டியிருந்தால், அதையும் அவசியம் எழுதுங்கள்.